மூன்று பர்னர் அடுப்பும் மாற்று சென்டரும்

மந்தைவெளியில் என் பெரியம்மா வீட்டு அடுப்படியில் காலை பத்து மணிக்குக் கால் வைக்க இடம் இருக்காது. மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, ராஜா அண்ணாமலைபுரம் என்று இருபத்திரண்டு வீடுகளுக்கு அங்கிருந்து மதியச் சாப்பாட்டுக் கேரியர் போகிறது. பதினொன்றரைக்கு ஆட்டோ வந்து நிற்கும். அதற்குள் சோறு, சாம்பார், ரசம், ஒரு கூட்டு, ஒரு பொரியல், அப்பளம் எல்லாம் ஆகியிருக்க வேண்டும். இருப்பது மூன்று பர்னர் அடுப்பு ஒன்று, பெரியம்மா, பட்டினப்பாக்கத்திலிருந்து கைக்கு உதவியாக வரும் பத்தொன்பது வயதுப் பெண். இவ்வளவுதான்.

போன ஞாயிறு அந்த அடுப்படி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே நானும் அக்கா பையனும் பேஸ்கட்பால் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அவன் ஆறடி மூன்றங்குலம், கல்லூரி அணியில் சென்டர், சாயங்காலமானால் நந்தனம் பக்கம் ஆடப் போய்விடுவான். நான் ஐஓபி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே அணிகளின் ஆட்டங்களை காலரியில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவன். விவகாரம் இதுதான். இந்திய தேசிய பேஸ்கட்பால் லீக்கான ஐஎன்பிஎல்லில் சென்னை ஹீட் ஆடியதே, அதுபோல சென்னையின் பெயரில் ஆடும் ஒரு லீக் அணி, வெளிநாட்டிலிருந்து ஒரு மாற்று சென்டரை எடுக்கலாமா, கூடாதா?

"எடுத்தே ஆகணும் மாமா" என்றான் அவன். கூடாது என்றேன் நான்.

பெரியம்மா சாம்பாரைக் கிளறிக்கொண்டே திரும்பினார். "சென்டர்னா நடுவுல நிக்கறவனாடா?"

"இல்ல பாட்டி, கூடைக்குக் கீழ நிக்கறவன்."

"அப்புறம் எதுக்கு சென்டர்னு பேரு?"

நியாயமான கேள்வி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் ஆட்டத்தை நடுவட்டத்திலிருந்தே மறுபடி தொடங்குவார்கள். நடுவர் பந்தை மேலே எறிவார், இரண்டு பக்கமும் இருப்பதிலேயே உயரமானவர்கள் எம்பித் தட்டுவார்கள். அப்படி நடுவில் நின்றவர்தான் சென்டர். 1937-ல் அமெரிக்காவில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். உயரமானவர் கூடையடிக்குப் போய்விட்டார், பெயர் மட்டும் கூடவே போயிற்று.

பெரியம்மாவுக்கு மீதியையும் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொன்னால்தான் பிடிபடும் என்பதால் அவருடைய அடுப்படியையே எடுத்துக்கொண்டோம். சொல்லச் சொல்ல எனக்கே சில விஷயங்கள் அன்றைக்குத்தான் தெளிவாயின.

முதலில் சென்டர் என்ன செய்கிறார். பெரியம்மாவின் பெரிய பர்னரில் எப்போதும் சோறுதான். சாம்பாரில் புளி கொஞ்சம் கூடினால் சமாளிக்கலாம், பொரியல் ஒரு நாள் இல்லாவிட்டாலும் யாரும் போன் செய்ய மாட்டார்கள். சோறு குழைந்தாலோ அரிசியாக நின்றாலோ அன்றைய கேரியர் மொத்தமும் வீண். கோர்ட்டில் சென்டருக்கு அந்த இடம். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலமுள்ள தளத்தில் பார்வையாளர்களின் கண் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் கார்டு மேலேயே இருக்கும். கைத்தட்டலும் தூரத்திலிருந்து எறிகிறவருக்குத்தான். ஆனால் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்த வளையத்துக்குக் கீழே நடப்பது சரியில்லை என்றால் மற்ற நான்கு பேரும் என்ன ஆடியும் பிரயோஜனமில்லை.

அங்கே நடப்பவற்றில் முக்கியமானது ரீபவுண்ட். எறிந்த பந்தில் பாதிக்கு மேல் வளையத்தில் பட்டுத் திரும்பி வருகிற நாட்களே அதிகம். திரும்பி வரும் பந்து யார் கைக்குப் போகிறது என்பதில் ஆட்டம் நிற்கிறது. எறிந்த அணியே அதை மறுபடி எடுத்துவிட்டால் மறுபடி எறிய அவர்களுக்கு இன்னொரு 14 விநாடி. அதை எடுக்க உயரம் மட்டும் போதாது, இடம் பிடிக்கத் தெரிய வேண்டும். பாக்ஸ் அவுட் என்பார்கள்.

"அதை நீங்க தினமும் பண்றீங்க பாட்டி" என்றான் பையன்.

உண்மைதான். அப்பளம் பொரிக்கும் நேரத்தில் பெரியம்மாவைப் பார்க்க வேண்டும். நான் போய் ஒன்றை உருவலாம் என்று கை நீட்டுவேன். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். கண் எண்ணெயில் இருக்கும். இடுப்பு மட்டும் ஒரு சாண் பின்னால் வரும், முழங்கை இரண்டு பக்கமும் லேசாக விரியும், கால்கள் அகன்று நிற்கும். ஐந்தடி உயரம்கூட இல்லாத அந்த அம்மாளைத் தாண்டி என் கை அடுப்புக்குப் போகாது. என்னைத் தள்ளவும் இல்லை, இடிக்கவும் இல்லை. நான் போக வேண்டிய இடத்தில் எனக்கு முன்னால் நின்றுவிட்டார். நல்ல சென்டர் செய்வது அச்சு அசலாக இதையேதான். பந்து காற்றில் இருக்கும்போது பந்தைத் தேடுவதற்கு முன் முதுகால் எதிராளியைத் தேடுவார்.

இன்னொன்று, நம் ஊர்ப் போட்டிகள் சர்வதேச பேஸ்கட்பால் சம்மேளனமான ஃபீபாவின் விதிப்படி நடப்பவை. அமெரிக்காவின் என்பிஏவில் தடுப்பவர், தான் காக்க வேண்டிய ஆள் பக்கத்தில் இல்லாமல் கூடையடிக் கட்டத்துக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஃபீபாவில் அந்தத் தடை கிடையாது. வளையத்தைத் தொட்டுத் துள்ளும் பந்தை அது வளையத்துக்கு மேலே இருக்கும்போதே தட்டிவிடவும் ஃபீபா அனுமதிக்கிறது. ஆக, லேசாக எம்பினாலே வளையத்தை எட்டும் ஓர் ஆள், அமெரிக்காவில் இருப்பதைவிடப் பெரியமேட்டு நேரு உள்விளையாட்டரங்கில் கூடுதல் மதிப்புள்ளவர். வெளிநாட்டு சென்டர் வேண்டும் என்று எல்லா அணிகளும் துடிப்பதற்கு விதியிலேயே காரணம் இருக்கிறது.

சரி, அப்படிப்பட்ட ஒருவர் இருக்கும்போது மாற்று எதற்கு? பெரியம்மா இதை நாங்கள் விளக்குவதற்கு முன்பே பிடித்துவிட்டார். "சிலிண்டர் மாதிரி."

அவர் வீட்டில் இரண்டு சிலிண்டர். ஒரு காலத்தில் ஒன்றுதான் இருந்தது. ஓர் ஆடி வெள்ளியன்று சோறு பாதி வெந்துகொண்டிருக்கும்போது தீ நீலத்திலிருந்து மஞ்சளாகி அணைந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கி மாட்டுவதற்குள் அரைமணி போய்விட்டது. மறுவாரமே இரண்டாவது சிலிண்டருக்கு எழுதிக் கொடுத்தார். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்ட முள் எதுவும் இல்லை. ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுப் பார்ப்பார். திரவம் இல்லாத மேல்பகுதி சீக்கிரம் காய்ந்துவிடும், கேஸ் திரவமாக நிற்கும் கீழ்ப்பகுதியில் ஈரம் சற்று நேரம் நிற்கும். அந்தக் கோட்டைப் பார்த்தால் இன்னும் எத்தனை நாள் என்று கணக்குத் தெரியும்.

சென்டருடைய சிலிண்டர் இரண்டு விதமாகத் தீரும். ஒன்று ஃபவுல். ஆட்டம் 40 நிமிடம், பத்துப் பத்தாக நான்கு பகுதி. ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டியதுதான், அன்றைக்குத் திரும்பி வர முடியாது. கூடைக்கு வரும் ஒவ்வொருவரையும் தடுப்பவர் சென்டர் என்பதால் ஃபவுல் அதிகம் விழுவதும் அவர் மேல்தான். முதல் பத்து நிமிடத்திலேயே இரண்டு ஃபவுல் வாங்கிவிட்டால் பயிற்சியாளர் அவரைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைப்பார். இரண்டாவது, கால். நல்ல பயிற்சியாளர் தன் சென்டரை அவர் எறியும்போது பார்க்க மாட்டார். எறிந்து முடித்துத் தன் பக்கத்துக்குத் திரும்பி ஓடும்போது பார்ப்பார். முதல் பகுதியில் மூன்று எட்டில் வந்தவர் மூன்றாம் பகுதியில் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தால் அதுதான் ஈரக்கோடு. சென்னையில் இந்தக் கோடு சீக்கிரம் இறங்கும். மே மாதப் புழுக்கத்தில் ஏசி இல்லாத அரங்கத்தில் நூற்றிருபது கிலோ உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றால் என்னவென்று ஓடியவர்களுக்குத்தான் தெரியும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதல் சென்டர் நல்ல நாளில் 26 நிமிடம் ஆடுவார் என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 14 நிமிடம். நாங்கள் கீரை ஆய்ந்துகொண்டு போட்ட சண்டை முழுக்க அந்தப் 14 நிமிடம் யாருக்கு என்பதுதான்.

இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். வெளிநாட்டு வீரர்களுக்குப் பல லீக்குகளில் உச்சவரம்பு உண்டு, போட்டிக்குப் போட்டி எண்ணிக்கை மாறும். சென்னைக்காரர்களுக்கு இது புதிதில்லை. ஐபிஎல்லில் அணியில் எட்டு வெளிநாட்டவர் இருக்கலாம், களத்தில் நான்கு பேர்தான். 2019-ல் சிஎஸ்கேவுக்காக 26 விக்கெட் எடுத்து அந்தப் பருவத்திலேயே முதலிடம் பிடித்த இம்ரான் தாஹிர், 2020-ல் பெரும்பாலான ஆட்டங்களில் தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓடியதை நாம் பார்த்தோம். அவர் ஆட்டம் மறந்து போகவில்லை. நான்கு இடத்துக்குள் அவருக்கு இடம் வரவில்லை.

பெரியம்மா அடுப்படியில் மூன்று பேருக்கு மேல் நிற்க முடியாது. அந்த மூவரில் வெளியாள் எத்தனை பேர் என்பதுதான் வரம்பு. நம் கணக்குக்கு, அணியில் மூன்று வெளிநாட்டவர் இருக்கலாம், ஒரே நேரத்தில் கோர்ட்டில் இருவர் என்று வைத்துக்கொள்வோம். 40 நிமிடம், இரண்டு இடம். ஆக ஓர் ஆட்டத்துக்கு 80 வெளிநாட்டு நிமிடங்கள் கையில் இருக்கின்றன.

பையன் சொன்ன ஏற்பாடு ஒரு கார்டு, ஒரு சென்டர், ஒரு மாற்று சென்டர். கார்டு 32 நிமிடம், சென்டர் 26, மாற்று 14. கூட்டினால் 72. எட்டு நிமிடம் மிச்சம். இரண்டு சென்டரும் ஒன்றாக நிற்கத் தேவையில்லை. ஒருவர் வர ஒருவர் போவார். கூடையடி 40 நிமிடமும் காவலில் இருக்கும். நான் சொன்ன ஏற்பாடு ஒரு கார்டு, ஒரு சென்டர், ஓரத்தில் ஆடும் ஒரு விங். கார்டு 30, சென்டர் 26, விங் 24. சரியாக 80. அந்தப் 14 நிமிடம் உள்ளூர்ப் பையனுக்கு. ஆக, மாற்று சென்டரை எடுப்பதா வேண்டாமா என்று தனியாகக் கேட்பதே தப்பு. விங்கில் 24 நிமிடத்துக்கு ஒரு நல்ல கையா, கூடையடியில் 14 நிமிடத்துக்கு ஓர் உயரமான உடம்பா என்றுதான் கேட்க வேண்டும். உள்ளூரில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை வைத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

"அங்கதான் நீங்க மாட்டிக்கிட்டீங்க மாமா" என்றான். "விங் நம்மகிட்ட இருக்கு. கார்டும் இருக்கு. உயரம்தான் இல்ல."

அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த 71-வது தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடு ஆண்கள் அணி பஞ்சாபை வென்று கோப்பையை எடுத்தது. வேகமும் கைத்திறமையும் நமக்கு எப்போதும் உண்டு. உயரமானவர்கள் என்றால் நாடே பஞ்சாப் பக்கம்தான் பார்க்கிறது. லூதியானா அகாடமியில் எஸ். சுப்ரமணியன் என்ற பயிற்சியாளர் கிராமம் கிராமமாக வந்த நெட்டைப் பையன்களை எடுத்து வளர்த்தார். 2015-ல் டல்லஸ் மேவரிக்ஸ் 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்த சத்னாம் சிங் அங்கிருந்து போனவர். என்பிஏ அணியால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர்.

கால்பந்தையும் இழுத்தான். 2018 மார்ச்சில் பெங்களூரில் சென்னையின் எஃப்சி இரண்டாவது முறை ஐஎஸ்எல் கோப்பையை எடுத்தபோது, மூன்று கோலில் இரண்டைத் தலையால் முட்டிப் போட்டவர் பிரேசிலிலிருந்து வந்த தடுப்பாட்டக்காரர் மெயில்சன். முதுகெலும்பில் வெளிநாட்டவர் நின்றதால்தான் ஜெயித்தோம் என்பது அவன் வாதம். அந்த இரவு நானும்தான் குதித்தேன். ஆனால் அதே லீக்கில் முன்வரிசை கோல் அடிப்பவரும் நடுத்தடுப்பவரும் வெளிநாட்டவராகவே இருந்து இருந்து, தேசிய அணிக்கு சுனில் சேத்ரிக்கு அடுத்து ஒருவரைத் தேட வேண்டியதாயிற்று. முப்பத்தொன்பதாவது வயதில் ஓய்வு பெற்றவரை 2025-ல் மறுபடி கூப்பிட்டார்கள்.

பேஸ்கட்பாலில் இந்த நோய் இன்னும் கடுமையாக வரும், ஏனென்றால் உயரம் எங்கேயும் அரிது. ஜப்பானின் பி.லீக்கில் வெளிநாட்டு இடங்களைக் கிளப்புகள் பெரும்பாலும் உயரமானவர்களுக்கே கொடுத்தன. கூடையடியில் ஜப்பானியருக்கு ஆடும் நேரம் குறைந்தது. தேசிய அணிக்கு சென்டர் வேண்டியபோது அமெரிக்காவில் பிறந்த நிக் ஃபசேகாஸ் 2018-ல் ஜப்பானியக் குடிமகனாகி ஆடினார். அவருக்குப் பின் 2023-ல் ஜோஷ் ஹாக்கின்சன். ஃபீபா ஓர் அணிக்கு இப்படி ஒருவரை அனுமதிக்கிறது. ஜப்பானுக்கு அந்த வழி இருந்தது. நமக்கு அது ஏறக்குறைய அடைபட்ட வழி. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, பழைய பாஸ்போர்ட்டைத் துறந்துவிட்டுத்தான் வர வேண்டும். கால்பந்தில் இஸுமி அராட்டா ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்து வந்து 2013-ல் இந்தியாவுக்கு ஆடினார். அப்படி வருகிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். லீக்கில் வளர்க்காத சென்டரைத் தேசிய அணிக்கு யாரிடமும் கடன் வாங்க முடியாது. என் வாதத்தின் கனமே இதில்தான் இருக்கிறது.

தென் கொரிய லீக் வேறு மாதிரி முயன்றது. 2018-ல் வெளிநாட்டவர் 200 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். முந்தைய பருவத்தில் அதிகப் புள்ளி எடுத்த டேவிட் சைமனைச் சுவரோரம் நிறுத்தி அளந்தபோது 202.1 வந்தது. அவர் ஊருக்குக் கிளம்ப வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே அந்த விதியை எடுத்துவிட்டார்கள். மனிதனை அளவுநாடா வைத்துத் திருப்பி அனுப்பும் வழி எனக்குப் பிடிக்கவில்லை. பிலிப்பைன்ஸ் செய்வதுதான் பிடித்திருக்கிறது. அங்கே பிபிஏ லீக்கில் ஆண்டுக்குப் பல கோப்பைகள். அவற்றில் பிலிப்பைன் கோப்பையில் வெளிநாட்டவரே கிடையாது. மற்றவற்றில் வழக்கமாக அணிக்கு ஓர் ஆளை மட்டும் அந்தக் கோப்பைக்கென்று அழைத்துவருவார்கள். கல்யாணத்துக்குச் சமையல்காரரைக் கூப்பிடுவது போல.

இந்த இடத்தில் பையன் ஒரு பெயரைச் சொன்னான். எனக்குக் கீரை ஆய்ந்த கை நின்றுவிட்டது. "அம்ரித்பால் சிங்கை சிட்னி கிங்ஸ் எடுத்தாங்களே மாமா, அவர் அங்க யாரு?"

அம்ரித்பால் பஞ்சாப் கிராமத்தில் கபடி ஆடியவர். கிட்டத்தட்ட ஏழடி. 2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் சீனாவையே 65-58 என்று இந்தியா சாய்த்ததே, அந்த அணியின் கூடையடிக்காரர். 2017-ல் சிட்னி கிங்ஸ் அவரை ஆஸ்திரேலிய லீக்குக்கு எடுத்தது. முதன்மை சென்டராக அல்ல, மாற்று சென்டராக. அதாவது நான் எந்த ஆளை எடுக்காதே என்று சொல்கிறேனோ, சிட்னியில் நம் அம்ரித்பால்தான் அந்த ஆள். அங்கேயும் என்னைப் போல ஒருவர் காலரியில் உட்கார்ந்து, இந்த நிமிடங்களை ஓர் ஆஸ்திரேலியப் பையனுக்குக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பார். அவர் பேச்சு எடுபட்டிருந்தால் ஓர் இந்திய சென்டருக்கு அந்தக் கதவு திறந்திருக்காது.

ஆட்டத்தில் அவருக்குக் கிடைத்த நேரம் குறைவு. ஆனால் வாரத்தில் ஒன்றோ இரண்டோ நாள்தான் ஆட்டம். மற்ற நாளெல்லாம் பயிற்சி. அந்தப் பயிற்சியில் தன்னைப் போன்ற உடம்புள்ளவர்களோடு தினமும் முட்டிமோதியிருப்பார்.

"அதுதான் மாமா எனக்கும் வேணும்" என்றான் பையன். "நீங்க எனக்குன்னு அந்த 14 நிமிஷத்தை எடுத்து வெக்கிறீங்க. சரி. ஆனா பிராக்டீஸ்ல என் முதுகுல யாரு நிப்பா? ஆறடி ஒண்ணு, ஆறடி ரெண்டு. அவங்களை முட்டித் தள்ளிக் கூடை போட்டுப் பழகிட்டு, மேட்ச்ல ஆறடி பத்து வந்து நின்னா என் கை எங்க போகும்?"

இத்தனை வருடம் ஆட்டம் பார்த்தவனுக்கு இது தோன்றாமல் போயிற்று. அணிக்கு ஒரே ஒரு பெரிய உடம்பு மட்டும் இருந்தால் அவரும் துருப்பிடிப்பார், அவருக்குக் கீழே வருகிறவனும் தேற மாட்டான். குழவி இல்லாத ஆட்டுக்கல்லில் என்ன அரைக்க முடியும்? மாற்று சென்டருடைய பெரிய வேலை 14 நிமிடத்தில் இல்லை. யாரும் டிக்கெட் வாங்காத, யாரும் பார்க்காத அந்த மற்ற நாட்களில் இருக்கிறது.

கொஞ்ச நேரம் நாங்கள் பேசவில்லை. பேசியவர் பெரியம்மா. மூன்று வருடத்துக்கு முன் நவராத்திரியின்போது கேரியரோடு சுண்டல், புளியோதரை ஆர்டரும் சேர்ந்து வந்துவிட்டது. பத்து நாளைக்குக் கல்யாணச் சமையலில் பழுத்த ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்தார். புளிக்காய்ச்சல் என்றால் அப்படி ஒரு புளிக்காய்ச்சல். எல்லா வீட்டிலிருந்தும் போன். பதினோராம் நாள் அவர் கணக்கு முடித்துப் போனார். பன்னிரண்டாம் நாள் ஒரு வீட்டில் அதே புளியோதரை கேட்டார்கள். உதவிக்கு வரும் அந்தப் பெண்ணுக்குப் புளி எவ்வளவு, வெந்தயம் எப்போது என்று தெரியாது. பத்து நாளும் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றிருந்தாள்.

"அடுத்த வருஷம் அதே பெரியவரைத்தான் கூப்பிட்டேன். அதே சம்பளம்தான். நீங்க கரண்டியைத் தொடாதீங்க, ஸ்டூல் போட்டு உக்காந்து இவளுக்குச் சொல்லுங்கன்னு சொல்லிட்டேன்."

பையன் என்னைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் அது தட்டியது. வெளிநாட்டு வரம்பு என்பது சட்டை போட்டு ஆடுகிறவருக்குத்தான். பயிற்சியாளருக்கு இல்லை. ஐரோப்பாவிலோ ஆப்பிரிக்காவிலோ பதினைந்து வருடம் கூடையடியில் ஆடி, முட்டி தேய்ந்து, ஆட்டத்தை நிறுத்தும் வயதில் இருக்கும் ஆறடி பத்து ஆட்கள் எத்தனையோ பேர். அப்படி ஒருவரைப் பெரிய உடம்புக்காரர்களுக்கான பயிற்சியாளராக எடுத்தால், வாரத்தில் நான்கு நாள் பையன்கள் முதுகில் நிற்க உயரமும் கிடைக்கும், மூன்றாவது வெளிநாட்டு இடமும் விங்குக்கு மிஞ்சும், அந்தப் 14 நிமிடமும் உள்ளூரில் தங்கும். முட்டி தேய்ந்தவரால் 40 நிமிடம் ஓட முடியாது. ஆனால் கூடையடியில் நின்று இடுப்பால் ஒருவனைத் தடுத்துக் காட்ட முடியும். பெரியம்மாவுக்கு எழுபத்தொன்று, அப்பளத்தை இன்னும் என்னால் எடுக்க முடியவில்லை.

இந்த ஊருக்கு இது புதிய வழியும் இல்லை. மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில் 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். அதே ஒய்எம்சிஏ வழியில் வந்த ஹாரி க்ரோ பக் 1920-ல் மதராஸில் ஓர் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்று பையன் ஆடப் போகிற வளாகம் அப்படி வளர்ந்ததுதான். அவர் இங்கே வந்தது ஓர் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுக்க இல்லை. சொல்லிக்கொடுப்பவர்களை உருவாக்க வந்தார். அவரிடம் படித்தவர்கள் பள்ளி பள்ளியாகப் போனார்கள்.

இதனால் தோல்வி வராது என்று நான் சொல்லவில்லை. வரும். மூன்றாம் பகுதியில் முதல் சென்டர் நான்காவது ஃபவுலோடு உட்கார்ந்திருக்க, ஆறடி மூன்றங்குலப் பையன் தன்னைவிட ஒரு சாண் உயரமானவர் முன்னால் நிற்பான். ஐந்து நிமிடத்தில் பன்னிரண்டு புள்ளி போகும். காலரியில் பாதிப் பேர் கத்துவார்கள். முதல் வருடம் இரண்டோ மூன்றோ ஆட்டம் இப்படிக் கைவிட்டுப் போகும் என்பதை அணியின் முதலாளி பருவம் தொடங்கும் முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பாதியில் பயந்து விமான டிக்கெட் போடக் கூடாது. பாதியில் கூப்பிட்டால் விசா, முன்பு ஆடிய நாட்டுச் சங்கத்தின் அனுமதிக் கடிதம், வீடு, படுக்க நீளமான கட்டில் என்று வாரங்கள் ஓடும், அதற்குள் பருவமே முடிந்திருக்கும். பத்து நாளில் முடியும் போட்டி என்றால் என் பேச்சு மாறும். பத்து நாளில் யாரும் வளரப் போவதில்லை. அங்கே உயரமான ஆளைக் கூப்பிட்டு ஆட வையுங்கள், நானும் வந்து கைதட்டுகிறேன்.

"அஞ்சு நிமிஷத்துல பன்னிரண்டு விடமாட்டேன் மாமா" என்றான் பையன். "எட்டுதான் விடுவேன்."

மணி பதினொன்று இருபது. சின்ன பர்னரில் ரசம் நுரை கட்டிக்கொண்டு ஏறியது. அந்த பர்னர் இந்த வருடம் முழுக்க அந்தப் பெண்ணுடையது. பெரியம்மா அதன் பக்கம் போவதில்லை. அவள் அடுப்பை அணைத்து, கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டு, ஒரு கரண்டி எடுத்துப் பெரியம்மாவின் உள்ளங்கையில் விட்டாள்.

"உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்" என்றார் பெரியம்மா.

"கொஞ்சம் பருப்புத் தண்ணி ஊத்தட்டுமாம்மா?"

"நீயே பாத்துக்கோ."

அவள் ஊற்றினாள், கலக்கினாள், தானே ருசி பார்த்தாள். கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. பையன் எழுந்து போய்க் கேரியர்களைத் தூக்கினான்.